மசாலா மீன் துண்டு கல்லில் சரியாக வரவில்லையா? என்ன கண்டால் எங்கே பார்க்க வேண்டும்

வேலை முடிந்து வீடு வந்து சேர இரவு 7.30 ஆகிவிடும். காலையில் வைத்த ரசம் இருக்கிறது, சோறு குக்கரில் ஏறிவிட்டது. இனி ஒரு வறுவல் இருந்தால் போதும். அந்த நேரத்துக்கு முள் எடுத்த மீன் துண்டை விடத் தோதான பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. ஆட்டுக்கறி என்றால் வேகக் காத்திருக்க வேண்டும், கோழி என்றால் ஊறக் காத்திருக்க வேண்டும். 2 செ.மீ. கனமுள்ள மீன் சதை கல்லில் ஆறேழு நிமிடம்தான். பிள்ளைகளுக்கு முள் பார்த்து ஊட்டும் வேலையும் மிச்சம்.

சீக்கிரம் வேகும் பொருள் சீக்கிரம் கெட்டும் போகும். மசாலா கல்லோடு நின்றுவிட, மீன் மட்டும் வெள்ளையாகக் கரண்டியில் வரும். வெளியே கருகியிருக்கும், உள்ளே பிய்த்தால் பச்சையாக இருக்கும். இவையெல்லாம் என் அடுப்பில் நடந்தவைதான். பல வருடம் செய்து பார்த்ததில் ஒன்று புரிந்தது: பெரும்பாலான தவறுகளின் வேர் இரண்டே இடத்தில் இருக்கிறது. ஒன்று, மீன் காயவில்லை. இல்லையென்றால், கல் காயவில்லை.

முதலில் நான் செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன். அரைக் கிலோ கொடுவா அல்லது பாறை, நாலு துண்டு. முக்கால் தேக்கரண்டி உப்பை இரண்டு பக்கமும் தூவி 15 நிமிடம் வைப்பேன். அதற்குள் 1 மேசைக்கரண்டி தனியா, 1 தேக்கரண்டி மிளகு, 1 தேக்கரண்டி சோம்பு, அரைத் தேக்கரண்டி சீரகம் எல்லாவற்றையும் வெறும் சட்டியில் வாசம் வரும்வரை சூடாக்கி, ரவை பதத்துக்கு இடித்துக்கொள்வேன். அதோடு 2 தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், 1 மேசைக்கரண்டி அரிசி மாவு. மீனில் கசிந்த நீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, 1 தேக்கரண்டி இஞ்சி பூண்டு விழுதைப் பூசினாற்போலத் தடவி, அதன்மேல் இந்தப் பொடியை உள்ளங்கையால் அழுத்தி ஒட்டவைப்பேன். ஐந்து நிமிடம் அப்படியே கிடக்கட்டும். காய்ந்த கல், 2 மேசைக்கரண்டி கடலை எண்ணெய், மிதமான தீ. முதல் பக்கம் 4 நிமிடம், திருப்பிப் போட்டு 2 முதல் 3 நிமிடம். எலுமிச்சை கடைசியில், இறக்கிய பிறகு.

சரி, இனி ஒவ்வொன்றாக.

கல்லில் ஒட்டிப் பிடிக்கிறது, திருப்ப வரவில்லை

அதிகம் பேர் கேட்பது இதுதான். பச்சை மீனில் உள்ள புரதம் இரும்போடு நேராகப் படும்போது அதைப் பற்றிக்கொள்ளும். கல் நன்றாகக் காய்ந்திருந்தால், பட்ட நொடியிலேயே அந்தப் புரதம் இறுகி, ஈரம் ஆவியாகி, மேலே ஒரு பொருக்கு உண்டாகும். பொருக்கு வந்ததும் மீன் தானாகவே கல்லை விட்டுவிடும். கல் அரைச்சூட்டில் இருந்தால் இறுகுவதற்கு முன்பே பிடித்துக்கொள்ளும். மீன் ஈரமாக இருந்தாலும் இதே கதைதான். அந்த ஈரம் முழுக்க ஆவியாகும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சிவந்து பொருக்குக் கட்ட ஏறக்குறைய 140 டிகிரியாவது வேண்டும். ஈர மீன் கல்லில் வறுபடுவதில்லை, அவிகிறது.

கல் காய்ந்ததா என்று பார்க்கத் தோசைக்குச் செய்வதுபோலத் தண்ணீர் தெளியுங்கள், எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பு. சுர்ரென்று சத்தம் போட்டு இரண்டு நொடியில் மறைந்தால் சரியான பதம். சத்தமில்லாமல் குமிழியிட்டுக் கிடந்தால் இன்னும் காயவில்லை. துளி முத்துப்போல உருண்டு ஓடினால் கல் ஏறக்குறைய 200 டிகிரியைத் தொட்டுவிட்டது. மசாலா மீனுக்கு அது அதிகம். தீயைக் குறைத்து ஒரு நிமிடம் விடுங்கள்.

மீனைப் போட்ட பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு இதைக் கற்றுக்கொள்ளத்தான் ரொம்ப நாள் ஆனது. காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் சொரசொரவென்று பெரிய சத்தம் வரும், ஓரத்தில் எண்ணெய் பெரிய பெரிய குமிழியாகப் பொங்கும். அது ஈரம் வெளியேறும் நேரம். மூன்றாவது நிமிடத்தில் குமிழி சிறுத்து, சத்தம் மெலிந்து நிதானமாகும். துண்டின் பக்கவாட்டைப் பார்த்தால், கண்ணாடிபோல இருந்த சதை அடியிலிருந்து வெள்ளையாக மேலே ஏறிவரும். பாதி உயரத்தைத் தாண்டியதும் கல்லின் பிடியைப் பிடித்து மெல்ல ஒரு ஆட்டு ஆட்டுங்கள். துண்டு வழுக்கினால் திருப்பலாம். வழுக்கவில்லை என்றால் இன்னும் ஒரு நிமிடம்.

ஏற்கெனவே ஒட்டிவிட்டது, இப்போது என்ன செய்வது? சுரண்டாதீர்கள். தீயைக் குறைத்து, ஓரத்தில் அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு மெல்லிய இரும்புத் தோசைத் திருப்பியைக் கல்லோடு படுக்கவைத்து ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். பாதி முயற்சி பாதி மீனைத்தான் தரும்.

கல்லின் மேலேயே சந்தேகம் இருந்தால் எண்ணெயில் ஒரு கைப்பிடி கறிவேப்பிலையைப் பரப்பி, அதன்மேல் மீனை வையுங்கள். வாழையிலைத் துண்டும் உதவும். இரும்புக் கல்லைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தால் பழகிய எண்ணெய்ப் படலம் கொஞ்சம் போயிருக்கலாம், அன்று ஒட்டக்கூடும். ஒரு வேண்டுகோளும் உண்டு: தோசைக்கும் மீனுக்கும் தனித்தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலைத் தோசையில் கவிச்சி அடித்தால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள்.

மசாலா தனியாக, மீன் தனியாக வருகிறது

மசாலாவை எண்ணெயும் தண்ணீரும் விட்டுக் குழம்புபோலக் கரைத்து, அதில் மீனைப் புரட்டி எடுத்தால் இப்படித்தான் ஆகும். கனமான ஈரப் பூச்சு கல்லில் பட்டதும் உள்ளிருந்து வரும் ஆவி அதைத் தூக்கிவிடும். மீனுக்கும் மசாலாவுக்கும் இடையே ஒரு இடைவெளி விழும். திருப்பும்போது பூச்சு அப்படியே தோலுரிந்ததுபோலக் கழன்றுவிடும்.

ஒற்றி எடுப்பதில்தான் வேலை இருக்கிறது. உப்புப் போட்டு 15 நிமிடம் கழித்துப் பார்த்தால் மீனின்மேல் வியர்வை பூத்ததுபோல முத்து முத்தாக நீர் நிற்கும். பழைய பருத்தித் துணியால், அல்லது சமையலறைத் தாளால், தேய்க்காமல் அழுத்தி ஒற்றுங்கள். இரண்டு பக்கமும், ஓரங்களும். ஒற்றி முடித்த சதையை விரலால் தொட்டால் ஈரமாக வழுக்காது, லேசாகப் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்புதான் பசை. உப்பு மீனின் புரதத்தில் கொஞ்சத்தைக் கரைத்து மேலே கொண்டு வந்திருக்கிறது. பொடி அதில் ஒட்டினால் எளிதில் விடாது.

பொடியைத் தூவினால் போதாது, அழுத்த வேண்டும். அதன்பின் ஐந்து நிமிடம் விட்டால் பொடியின் நிறம் கருஞ்சிவப்பாக மாறும். ஈரத்தை இழுத்துக்கொண்டது என்று அர்த்தம். உடனே கல்லில் போட்டால் காய்ந்த பொடி எண்ணெயில் உதிர்ந்து கருகும். அரிசி மாவு பிடிப்புக்கும் மொறுமொறுப்புக்கும் நல்லது. சிலர் கார்ன்ஃப்ளவர் சேர்ப்பார்கள், அதுவும் நன்றாகவே பிடிக்கும். முட்டையின் வெள்ளைக்கரு ஒரு ஸ்பூன் தடவினால் இன்னும் உறுதி. ஆனால் எனக்கு அந்தச் சுவை மீனை மறைப்பதாகப் படும், அதனால் சேர்ப்பதில்லை.

வெளியே கருகிவிட்டது, உள்ளே வேகவில்லை

தீ அதிகம், அல்லது துண்டு கனம். மிளகாய்த்தூளும் பூண்டும் மீன் வேகும் வேகத்தைவிடச் சீக்கிரம் கருகும். அதனால்தான் நான் பூண்டு விழுதை அடியிலும் பொடியை மேலேயும் வைக்கிறேன். மசாலாவைக் கொரகொரப்பாக வைப்பதற்கும் காரணம் உண்டு. மாவுபோல அரைத்த தூள் எண்ணெயில் பரவிச் சட்டென்று கருகிவிடும், இடித்த தனியா மெதுவாகச் சிவக்கும்.

3 செ.மீ.க்கு மேல் கனம் இருந்தால் முதல் பக்கம் சிவந்ததும் திருப்பி, தீயைச் சிறிதாக்கி, இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். பிறகு மூடியை எடுத்துவிட்டு இன்னும் ஒரு நிமிடம். மூடியே வைத்திருந்தால் ஆவி மசாலாவை ஊறவைத்துவிடும். கடையில் வாங்கும்போதே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. நான் வழக்கமாக வாங்கும் மீன்கார அக்கா, "ஏம்மா, முள்ள எடுத்து வெறும் சதையா தரட்டா?" என்று கேட்பார். "ஆமாக்கா, எல்லாத் துண்டும் ஒரே கனமா போடுங்க" என்பேன். வால் பக்கம் எப்படியும் மெலிந்துதான் வரும். அதை உள்பக்கமாக மடித்து வைத்தால் மற்றவற்றோடு சேர்ந்து வேகும்.

இரண்டாவது ஈடு மட்டும் கருகுகிறதா? முதல் ஈட்டில் உதிர்ந்த பொடி எண்ணெயில் கிடந்து கரியாகி, அடுத்த மீனில் ஒட்டுகிறது. நடுவில் கல்லைத் துடைத்துவிட்டுப் புது எண்ணெய் விடுங்கள்.

மசாலா பச்சை வாடை அடிக்கிறது

மேலே சிவந்திருந்தாலும் கடிக்கும்போது மஞ்சளும் மல்லித்தூளும் தனியாகத் தெரியும். பூச்சு கனமாக இருந்தால் உள்ளடுக்கை எண்ணெய் எட்டுவதே இல்லை. மஞ்சள்தூளைக் கூட்டிப் போடுவது இன்னொரு காரணம். அரைக் கிலோவுக்குக் கால் தேக்கரண்டி தாராளம். முழு மல்லியையும் சோம்பையும் முன்பே வறுத்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். கல்லில் இருக்கும்போது தெரிந்தால், கல்லைச் சாய்த்துச் சூடான எண்ணெயை ஸ்பூனால் அள்ளி மசாலாவின்மேல் நாலைந்து முறை விடுங்கள்.

தண்ணீர் விட்டு அவிந்துபோகிறது

பெரும்பாலும் உறைந்த மீன், அதிலும் பாசா. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த 61 நாட்களில் நல்ல கடல்மீன் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். பலரும் உறைமீன் பக்கம் போவார்கள், நானும்தான். உறைமீனில் தவறில்லை. ஆனால் அதன்மேல் ஐஸ் பூச்சு இருக்கும். சிலவற்றில் நீரைப் பிடித்து வைக்கும் பாஸ்பேட் உப்பும் சேர்த்திருப்பார்கள், பொட்டலத்தின் பின்பக்கம் படித்தால் தெரியும். அவ்வளவு நீரும் உங்கள் கல்லில்தான் இறங்கும்.

முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். சல்லடையில் வைத்து அடியில் ஒரு கிண்ணம் வைத்தால் நீர் தனியாக வடியும். மறந்துவிட்டீர்களா? காற்றுப் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த நீரில் போடுங்கள், முக்கால் மணி நேரத்தில் இளகிவிடும். வெந்நீர் வேண்டாம், வெளிச்சதை வெந்து, உள்ளே கட்டியாகவே இருக்கும். பிறகு உப்பு, 20 நிமிடம், இரண்டு முறை ஒற்றுதல்.

கல்லில் நெருக்கமாக அடுக்கினாலும் இதே விளைவுதான். துண்டுகளுக்கு நடுவே இரண்டு விரல் இடம் இருக்கட்டும். நாலு துண்டுக்கு இடமில்லை என்றால் இரண்டு இரண்டாகப் போடுங்கள். அவசரத்தில் நாலையும் திணித்த நாட்களில் எல்லாம் வறுவலுக்குப் பதில் ஒரு செந்நிறக் கூட்டுதான் எனக்குக் கிடைத்தது.

திருப்பும்போது உடைகிறது

மீன் தேர்விலேயே பாதி தீர்ந்துவிடும். கொடுவா, பாறை, சங்கரா, வஞ்சிரம் எல்லாம் கட்டுக்கோப்பான சதை. பாசா மென்மை, அதைச் சிறு துண்டாக வெட்டித்தான் போட வேண்டும். தோலோடு இருந்தால் உடைவது குறையும். ஒரே ஒரு முறை திருப்புங்கள். நம்மில் பலருக்கு நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டும் பழக்கம் இருக்கிறது. வெந்த மீனின் சதை இதழ் இதழாகப் பிரியும் தன்மையது, ஒவ்வொரு புரட்டலிலும் ஒரு இதழ் கழலும். எலுமிச்சையில் அதிக நேரம் ஊறினாலும் இப்படி உடையும். புளிப்பு, நெருப்பில்லாமலே சதையை வேகவைத்ததுபோல வெளுக்கவைத்து மாவாக்கிவிடும். 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

சக்கையாக இருக்கிறது

அதிகம் வெந்துவிட்டது, வேறொன்றும் இல்லை. மீன் உள்ளே 63 டிகிரியை எட்டினால் போதும். வெப்பமானி இல்லாத வீட்டில், துண்டின் கனமான இடத்தில் மெல்லிய கத்தியை நுழைத்து ஐந்து எண்ணி, எடுத்து உதட்டின் கீழே வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் வேகவில்லை, இதமான சூடு என்றால் இன்னும் அரை நிமிடம், சுள்ளென்று இருந்தால் உடனே இறக்குங்கள். இறக்கிய பிறகும் உள்சூட்டில் கொஞ்சம் வேகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஓரத்தில் தயிர் உறைந்ததுபோல வெள்ளையாகக் கசிகிறதே என்று சிலர் பயப்படுவார்கள். அது மீனின் புரதம்தான், சாப்பிடலாம். ஆனால் நிறையக் கசிந்தால் தீ அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

துண்டு வளைந்துகொள்கிறது

சூடு பட்டதும் தோல் சுருங்கும். தோலில் மட்டும், சதை ஆழத்துக்குப் போகாமல், இரண்டு மூன்று கீறல் போடுங்கள். கல்லில் வைத்ததும் திருப்பியால் பத்து நொடி அழுத்துங்கள்.

கசக்கிறது

கருகிய பூண்டு, அல்லது ஏற்கெனவே பொரித்த எண்ணெய். இரண்டும் இல்லையென்றால், மீனைச் சுத்தம் செய்யும்போது பித்தப்பை உடைந்திருக்கலாம். அந்தப் பச்சை நீர் பட்ட இடம் எவ்வளவு மசாலா போட்டாலும் கசக்கும். முழு மீன் வாங்கி வீட்டில் சதை எடுப்பவர்கள் குடலை இழுக்கும்போது நிதானமாக இருங்கள். பட்டுவிட்டால் உடனே கழுவி, நிறம் மாறிய இடத்தை வெட்டி எறிந்துவிடுங்கள்.

கவிச்சி போகவில்லை, அல்லது நாக்கு எரிகிறது

லேசான கவிச்சி என்றால் எலுமிச்சை, மஞ்சள், உப்பு போதும். கடல்மீன் நேரமாக ஆக அதில் உண்டாகும் அமைன் என்ற பொருள்தான் அந்த வாடைக்குக் காரணம். அது புளிப்புக்கு நேரெதிரான காரத்தன்மை கொண்டது (மிளகாயின் காரம் அல்ல). புளிப்பு அதைக் கட்டிப்போட்டுவிடும், காற்றில் எழவிடாது. எலுமிச்சையும் புளியும் மீனோடு சேர்ந்தே வருவதில் இப்படி ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி அடித்தால் எந்த மசாலாவும் காப்பாற்றாது. குப்பையில் போடுங்கள்.

இன்னொன்று, இதைக் கவனமாகப் படியுங்கள். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் குளிர்ச்சியில்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் அவற்றில் சேரும். வாடையே இல்லாமல்கூட இருக்கும். சமைத்தாலும் அழியாது. மசாலாவின் காரத்துக்குச் சம்பந்தமில்லாமல் உதடும் நாக்கும் மிளகைக் கடித்ததுபோலக் கூசினால், முகம் சிவந்தால், தலை வலித்தால், உடம்பில் தடிப்பு வந்தால் அப்படியே நிறுத்திவிடுங்கள். மூச்சு முட்டினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காரமான மசாலாவில் இந்த எரிச்சல் மறைந்துபோகும் என்பதால், வேலைக்குப் போகும் வழியில் இந்த மீன்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மாலை வரை சுற்ற வேண்டாம். வீடு திரும்பும்போது வாங்குங்கள், ஐஸ் கேட்டு வாங்குங்கள்.

தட்டில் வைத்ததும் நமுத்துப்போகிறது

சூடான மீனைத் தட்டையான தட்டில் வைத்தால் அடியில் ஆவி நீராகிவிடும். இட்லித் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள், அல்லது சல்லடை. மூட வேண்டாம். ஹாட்பாக்ஸில் போட்டுவிட்டு மொறுமொறுப்பை எதிர்பார்க்க முடியாது. யாராவது தாமதமாக வருவார்கள் என்றால் அவர்கள் பங்கை மசாலா தடவி ஃப்ரிட்ஜில் மூடி வைத்துவிட்டு, அவர்கள் கை கால் கழுவும் நேரத்தில் கல்லைக் காயவையுங்கள்.